டைரி கொடுத்த சாரங்கன்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய கதையை இரண்டு தடவை படித்தேன். பஸ் ஸ்டாண்டில் அந்தக் கிழவி மீதிக் காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நடக்கிறாளே, கதை அங்கேயே முடிந்துவிட்டது. அப்புறம் ஏழைகளின் மனசைப் பற்றி எட்டு வரி எதற்கு? கிழவி செய்ததை நீ வேறு ஒருமுறை விளக்கிச் சொல்ல வேண்டுமா?

கோபித்துக்கொள்ளாதே. சிறுகதை எழுத்தாளர் கு. அழகிரிசாமியை எடுத்துப் படி. நம் கோவில்பட்டிக்குப் பக்கத்து இடைசெவல்காரர். எழுத்தாளர் கி. ராஜநாராயணனுக்கும் அதே ஊர், இருவரும் பிறந்தது அதே 1923இல். 1970இல் அழகிரிசாமி போனபோது வயது 46தான்.

‘அன்பளிப்பு’ கதையில் ஒருவர், தன்னைச் சுற்றி வரும் குழந்தைகளில் சிலருக்கு டைரி கொடுக்கிறார். சாரங்கனுக்கு இல்லை. வேண்டுமென்று செய்யவில்லை, அவனுக்கும் கொடுக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை, அவ்வளவுதான். பையன் அழவுமில்லை, சண்டை போடவுமில்லை. ஒரு நாள் தன் வீட்டுக்கு அழைத்துப்போய்ச் சாப்பிடக் கொடுக்கிறான். பிறகு ஒரு டைரியை எடுத்து நீட்டி, பிரியமுள்ள சாரங்கனுக்கு அன்பளிப்பு என்று எழுதித் தரச் சொல்கிறான். அவர் எழுதுகிறார். கதை முடிந்தது.

கவனித்தாயா, கதையைச் சொல்வதே அந்தத் தப்பைச் செய்தவர்தான். இதைச் சாரங்கன் சொல்லியிருந்தால் புகாராகப் போயிருக்கும். இவர் சொல்வதால், பையனைக் கவனிக்காமல் விட்டவர்களில் நாமும் ஒரு ஆள் ஆகிவிடுகிறோம். வித்தை என்றால் எனக்கு இதுதான். வர்ணனையெல்லாம் இரண்டாம் பட்சம்.

‘ராஜா வந்திருக்கிறார்’ கதையும் அப்படித்தான். தீபாவளிக்குப் புருஷனுக்கென்று வாங்கி வைத்த துண்டை, எங்கிருந்தோ வந்த அநாதைப் பையனுக்குத் தாயம்மாள் கட்டிவிடுகிறாள். அந்தப் பையன் பெயரும் ராஜா. பணக்கார வீட்டுப் பையன் தங்கள் வீட்டுக்கு ராஜா வந்திருப்பதாகப் பீற்றிக்கொள்ளும்போது, எங்கள் வீட்டுக்கும் வந்திருக்கிறான் என்கிறாள் தாயம்மாளின் மகள் மங்கம்மாள். குழந்தை வெள்ளந்தியாகத்தான் சொல்கிறது. அதற்கு மேல் ஒரு வார்த்தை சேர்த்தாலும் கெட்டுப்போகும். அழகிரிசாமி சேர்க்கவில்லை.

‘குமாரபுரம் ஸ்டேஷன்’ எனக்கு இவற்றைவிடப் பிடிக்கும். நம் பக்கத்து ரயில், காட்டுக்கு நடுவே ஒரு ஸ்டேஷன். நான் சொந்த ஊர்க்காரன் என்பதால் இருக்கலாம், அதனால் அதைப் பற்றி அளக்கவில்லை.

போன வாரம் கரண்ட் போன ராத்திரியில் அம்மாவுக்குச் சாரங்கன் கதையை டார்ச் வெளிச்சத்தில் வாசித்துக் காட்டினேன். முடிந்ததும் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் சோறு வடித்துக்கொண்டே, “அந்த டைரியை அந்தப் பிள்ளை எத்தனை நாள் எடுத்து எடுத்துப் பாத்துக்கிட்டு இருந்திருப்பான்?” என்றாள். இத்தனை வருஷத்தில் எனக்கு அது தோன்றியதே இல்லை.

புத்தகத்தைத் தபாலில் போட்டிருக்கிறேன். என் பென்சில் கோடுகளைப் பொருட்படுத்தாதே.

அன்புடன்,
அப்பா