காலையில மட்டும் மூடாத கதவு

பாப்பா,

நேத்து போன்ல நீ ஆபீஸ் கிளம்புற அவசரத்துல இருந்த, நானும் பாதிதான் சொன்னேன், மனசு கேக்கல, அதான் உக்காந்து எழுதிட்டேன். நேரம் கிடைக்கிறப்ப நிதானமா படி.

காலையில மோட்டார்ல ஓடற உங்க கேரேஜ் கதவு பாதி இறங்கிட்டு தானா மேல போயிடுது, மத்தியானம் ஒழுங்கா மூடுது, ரிப்பேர்காரர் வந்து பாத்தப்பவும் ஒழுங்கா மூடிச்சுன்னு சொன்னல்ல, அந்த நேர வித்தியாசத்துலதான்மா விஷயமே இருக்கு. குளிர்ல வருது, வெயில் ஏறினா போயிடுது. அவர் மத்தியானம் வந்தா எப்படி கண்டுபிடிப்பார்?

மாப்பிள்ளை மோட்டாரோட ஃபோர்ஸ் செட்டிங்க கொஞ்சம் ஏத்தி வச்சிடலாம்னு சொன்னாராமே, தயவுசெஞ்சு இப்போதைக்கு வேண்டாம்னு சொல்லு. கதவு எது மேலயாவது இடிச்சா உடனே திரும்பணும்ல, எவ்வளவு அழுத்தம் வந்தா திரும்பணும்னு முடிவு பண்றதே அந்த செட்டிங்தான். குட்டி அந்தப் பக்கமாதான் ஓடி விளையாடுறான். நானும் ஒரு குளிர்காலத்துல அத ஏத்தி வச்சேன், கதவு மூடுச்சு, சரியாயிடுச்சுன்னு விட்டுட்டேன். உள்ள கதவோட கனத்த தாங்கற ஸ்ப்ரிங் தளர்ந்து போயிருக்கு, மோட்டார் தம் பிடிச்சு கதவ இழுத்துட்டு இருந்திருக்கு, கடைசியில பல்சக்கரம் தேஞ்சு போய் ஒருநாள் ஸ்ப்ரிங்கும் வெடிச்ச மாதிரி சத்தத்தோட அறுந்துச்சு. அந்த நேரம் கீழ யாரும் இல்ல. இப்ப நினைச்சாலும் எனக்கு நெஞ்சு படபடங்குது.

அதனால முதல்ல குறை கதவுலயா மோட்டார்லயான்னு பிரிச்சுப் பாத்துடணும். கதவ முழுசா மூடிட்டு, பிளக்கையும் கழட்டிட்டு, மோட்டார்லேர்ந்து கதவ விடுவிக்கற அந்த சிவப்புக் கயிற இழு. கதவு மேல இருக்கும்போது மட்டும் இழுக்கவே கூடாது, ஸ்ப்ரிங் போயிருந்தா மொத்த கனமும் சடார்னு கீழ வந்துடும். அப்புறம் கையால தூக்கிப் பாரு, விடியக்காலையில ஒருதரம், மத்தியானம் ஒருதரம். இடுப்பு உயரத்துல மெதுவா விட்டா அப்படியே நிக்கணும். கீழ சரிஞ்சா ஸ்ப்ரிங் வலுவிழந்துடுச்சு, அதுக்கு ஆள் கூப்பிடணும், நீங்க ரெண்டு பேரும் அத தொடவே வேண்டாம், முறுக்கி வச்சிருக்கற வேகத்துக்கு கை எலும்பையே உடைச்சிடும்.

நிக்குது, ஆனா காலையில மட்டும் இறுக்கமா இருக்குன்னா பழைய கிரீஸ்தான். குளிர்ல பிசின் மாதிரி கெட்டியாயிடும், மோட்டார் அந்த இறுக்கத்தையே ஏதோ தடுக்குதுன்னு நினைச்சு திருப்பி அனுப்பிடும். ஒரு துணியால எல்லாத்தையும் துடைச்சு எடுத்துட்டு கீல், ஸ்ப்ரிங், ரோலரோட பேரிங் இதுக்கெல்லாம் சிலிகான் ஸ்ப்ரேயோ வெள்ளை லித்தியம் கிரீஸோ லேசா அடிங்க. ரோலர் ஓடற டிராக்குக்குள்ள எதுவும் அடிக்க வேண்டாம், சும்மா துடைச்சா போதும்.

கையில லேசா ஓடுதுன்னா அடுத்து, குறுக்க ஏதாவது இருக்கான்னு பாக்கற சென்சார். கீழ ரெண்டு பக்கமும் சின்ன கண்ணு மாதிரி இருக்குல்ல, அதுல காலைப் பனி படிஞ்சிருக்கும், இல்லன்னா தாழ்வா வர்ற வெயில் நேரா அதுல அடிக்கும். சுவத்துல இருக்கற பட்டன கதவு மூடற வரைக்கும் விடாம அமுக்கிப் பாரு, அப்படி மூடுச்சுன்னா பெரும்பாலும் சென்சார்தான். துடைச்சு விடு, வெயில்னா அட்டைய சுருட்டி மறைப்பு வச்சா நின்னுடும்.

பட்டன அமுக்கினா சத்தமே இல்ல, கொஞ்ச நேரம் கழிச்சு தானா வேலை செய்யுதுன்னா அது வேற கதை. மோட்டாரோட சர்க்யூட் போர்டுல டிரை சால்டர், அதாவது சரியா ஒட்டாத ஈயப் பத்தவைப்பு இருக்கும், குளிர்ல சுருங்கி விரிசல் விட்டுடும், சூடானா திரும்ப ஒட்டிக்கும். அத எலக்ட்ரானிக்ஸ் தெரிஞ்சவர்தான் பாக்கணும். ரிமோட் மட்டும் வேலை செய்யல, சுவத்து பட்டன் செய்யுதுன்னா பேட்டரிய மாத்து, ராத்திரி கார்ல விடாம வீட்டுக்குள்ள வச்சுக்கோ. கோடையில நாலஞ்சு தடவை அடுத்தடுத்து ஏத்தி இறக்கினா மோட்டார் சூடாகி நின்னுடும், பயப்படாத, அரைமணி நேரம் விட்டா சரியாயிடும்.

எல்லாம் முடிச்சதும் ஒன்றரை இன்ச் கனத்துல ஒரு மரத்துண்டு எடுத்து கதவு இறங்கற இடத்துல நடுவுல படுக்க வச்சு மூடிப் பாருங்க. தொட்ட உடனே மேல போகணும். போகலன்னா அந்த மோட்டார யூஸ் பண்ணாதீங்க, கையாலயே தூக்கி இறக்குங்க.

ஞாயித்துக்கிழமை விடிஞ்சதும் வீடியோ கால் போடு, கயிறு இழுக்கறப்ப நானும் கூட இருந்து பாக்கறேன். அதுவரைக்கும் கதவு இறங்கும்போது குட்டிய இடுப்புல தூக்கி வச்சுக்கோம்மா.

அப்பா