பாப்பாவுக்கு, கட்டுப் போட்ட கையோடு

பாப்பா,

சித்தி அனுப்பிய போட்டோவைப் பார்த்துவிட்டு நீ போனில் போட்ட சத்தத்தில் எனக்கு வாயே எழவில்லை. 54 வயசில் உனக்கு இதெல்லாம் தேவையா, முதலில் அந்த சைக்கிளை வித்துத் தொலை என்றாய். என் ஐம்பதாவது பிறந்தநாளுக்கு நீ வாங்கிக் கொடுத்த சைக்கிள்தான், விற்கச் சொல்ல உனக்கு உரிமை உண்டு, சரி. ஆனால் என்ன நடந்தது என்று கேட்காமலே வைத்துவிட்டாய். அதனால்தான் வலது கை ஒற்றை விரலால் தட்டித் தட்டி எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

போட்டோவில் கட்டோடு நிற்பது நான் என்றாலும் பெரிய அடி எனக்கு இல்லை. உள்ளங்கையிலும் முழங்கையிலும் முட்டியிலும் சிராய்ப்பு, இடது மணிக்கட்டில் சுளுக்கு, அவ்வளவுதான். எலும்பு முறிந்தது எனக்குப் பின்னால் வந்த பெண்ணுக்கு. உன்னைவிட ஒரு வயசு சின்னவள். அவள் விழுந்ததற்குக் காரணம் நான். உங்கள் சித்திக்கு இது தெரியாது, அப்பாவுக்கு மட்டும்தான் தெரியும்.

சைக்கிளில் போனது மொத்தம் 14 பேர். கல்லணையில் கிளம்பி ஆற்றோரமாகவே திருவையாறு வழியாகக் கும்பகோணம், மறுநாள் மயிலாடுதுறை வழியாகப் பூம்புகார், அப்புறம் கடலோரமாகத் தரங்கம்பாடி, நாகப்பட்டினம், கடைசியில் கோடியக்கரை. இதுதான் திட்டம். மூட்டை முடிச்சுக்கு ஒரு குட்டியானை வேன் பின்னாலேயே வந்தது. மேட்டூர் அணையை மூடியாகிவிட்டதால் ஆற்றில் மணல்தான், ஆனால் இரண்டு பக்கமும் சம்பா அறுவடை. முதல் நாள் அவ்வளவு சுகமாக இருந்தது. சாயங்காலம் சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துப் போயிருந்தன, ஹேண்டிலை அழுத்திப் பிடித்தே ஓட்டியதில் உள்ளங்கை நரம்பு நசுங்கியிருக்கிறது என்றார்கள். சின்னப் பையன்களுக்கெல்லாம் உட்காரும் இடத்தில் புண். அதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை, ராத்திரி எல்லோரும் நின்றுகொண்டே சாப்பிட்டதில் தெரிந்துவிட்டது.

இரண்டாம் நாள் குத்தாலம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில்தான் அது நடந்தது. கிழக்கே போகப் போகக் கடல் காற்று முகத்தில் அடிக்கும். வரிசையில் முன்னால் போகிறவர்தான் அந்தக் காற்றை எல்லாம் வாங்க வேண்டும், பின்னால் வருகிறவர்களுக்கு வேலை குறைவு, அதனால் முறை வைத்து மாற்றி மாற்றிப் போவோம். அப்போது என் முறை. ரோட்டில் பாதி அகலத்துக்கு நெல் காயப்போட்டிருந்தது, ஓரத்தில் வண்டி ஏறாமலிருக்கச் செங்கல் வரிசை. எதிரே பஸ். நான் செங்கலைப் பார்த்தேன், நன்றாகவே பார்த்தேன். கத்தவில்லை. இரண்டு பிரேக்கையும் அழுத்திப் பிடித்துவிட்டேன்.

கிளம்பும்போதே தலைவர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார், கூட்டமாகப் போகும்போது பின்னால் இருப்பவருக்கு ரோடு தெரியாது, முன்னால் போகிறவர் முதுகுதான் தெரியும், அதனால் குழியோ கல்லோ பார்த்ததும் சத்தம் போட்டுக் கையையும் காட்டணும், திடீரென்று பிரேக் பிடிக்கவே கூடாது என்று. பையன்கள் 'ஹோல்' (குழி), 'கார் பேக்' (பின்னால் கார்) என்று இங்கிலீஷில் கத்திக்கொண்டே வந்தார்கள். எனக்கு நடுரோட்டில் அப்படிக் கத்த என்னவோ கூச்சம். நான் நின்ற வேகத்துக்கு அந்தப் பெண்ணால் நிற்க முடியவில்லை. அவள் முன்சக்கரம் என் பின்சக்கரத்தில் உரசியது. அப்படி உரசினால் விழுவது பெரும்பாலும் பின்னால் வருகிறவர்தான், ஹேண்டில் கையை விட்டுப் போய்விடும். அவள் கையை ஊன்றி விழுந்தாள், அவள் மேல் இன்னொரு பையன். எனக்கு நெல்லில் சக்கரம் வழுக்கியது. காய்ந்த நெல்மேல் போவது கடுகைக் கொட்டி அதன்மேல் நடப்பது மாதிரி. பிரேக்கைத் தொடாமல், ஹேண்டிலையும் திருப்பாமல் நேரே விட்டிருந்தால் தாண்டியிருப்பேன்.

நெல் போட்டவர்களைத் திட்டலாம் என்று பார்த்தால் அதற்கும் வாய் வரவில்லை. ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் கொள்முதல் நிலையத்தில் எடுக்க மாட்டார்கள், களம் இல்லாதவர்கள் எங்கே போவார்கள்? போன வருஷம் நம் நெல்லும் ரோட்டில்தான் காய்ந்தது. செங்கல் அடுக்கியது நான்தான், பாப்பா.

சத்தம் கேட்டு அக்கம்பக்கத்தில் இருந்து ஓடி வந்தார்கள். ஒரு அம்மா காப்பித்தூளோடு வந்தார், இன்னொருவர் கை நிறைய மஞ்சள்தூள். நல்ல மனசுதான், ஆனால் எங்களோடு வந்த நர்ஸ் தம்பி எதையும் போட விடவில்லை. ஒரு குடம் தண்ணீர் வாங்கி, சிராய்ப்பில் ஒட்டியிருந்த மண்ணும் உமியும் போகிற வரை சோப்புப் போட்டுக் கழுவினான். நான் போட்ட சத்தம் உனக்குக் கேட்டிருக்கும். (அப்போது மட்டும் கத்த வந்தது பார்.) யாரோ அந்தப் பெண்ணைக் கையைப் பிடித்துத் தூக்கப் போனார், அதையும் தடுத்தான். அவள் ஒரு கையால் இன்னொரு கையைத் தாங்கிக்கொண்டு தோளைச் சாய்த்து உட்கார்ந்திருந்த விதத்திலேயே அவனுக்குத் தெரிந்துவிட்டது, காரை எலும்பு, அதாவது கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் இருக்கிறதே, அது முறிந்திருக்கிறது. என் துப்பட்டாவைக் கிழித்துக் கையைக் கழுத்தோடு தொங்கவிட்டோம். 108 வந்தது. சாலை விபத்தென்றால் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குக் காசு வேண்டாம் என்று 2021 டிசம்பரில் அரசு கொண்டு வந்ததே, அதை அன்றைக்குத்தான் அங்கே ஒருவர் சொல்லித் தெரிந்துகொண்டேன். எங்களுக்கு டிடி ஊசி, அவளுக்கு எக்ஸ்ரே. எலும்பு அதிகம் விலகவில்லை, ஆபரேஷன் வேண்டாம், கையைக் கழுத்தில் மாட்டும் துணித் தொட்டிலில் போட்டு ஆறிலிருந்து எட்டு வாரம் என்றார்கள்.

அவள் ஹெல்மெட் காதோரம் விரிசல் விட்டிருந்தது. தலையில் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்கள், இருந்தாலும் ஒரு நாள் முழுக்கப் பார்த்துக்கொள்ளணும், வாந்தி வந்தாலோ, தலைவலி கூடினாலோ, எழுப்பியும் எழாமல் மயங்கிக் கிடந்தாலோ உடனே கூட்டி வரணும் என்றார்கள். அவள் வீட்டில் இருந்து வந்து சேர மறுநாள் காலை ஆகிவிட்டது. மற்றவர்கள் பூம்புகாருக்குப் போய்விட்டார்கள், நான் லாட்ஜில் அவளோடு இருந்தேன். ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. மணிக்கொரு தரம் எழுப்பி உன் பேர் என்ன, இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டேன். நாலாவது தடவை, 'ஆன்ட்டி, நீங்கதான் மறந்துட்டீங்க போல, இன்னைக்கு சனிக்கிழமை' என்றாள். அப்போதுதான் நான் அழுதேன். நான் கத்தாததுதான் காரணம் என்று சொன்னேன். அவளும் ரொம்ப ஒட்டி வந்துவிட்டாளாம், இரண்டு சைக்கிள் நீளமாவது இடைவெளி விட்டிருக்கணுமாம். அவள் பெருந்தன்மைக்குச் சொன்னாள், நான் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை.

உனக்குத் தெரியும், நான் புதுக்கோட்டைக்காரி. 1992-ல் எழுத்தறிவு கற்றுக்கொடுத்த அறிவொளி இயக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது, ஊர் ஊராகப் பெண்கள் சைக்கிள் பழகினோமே, அதில் நானும் ஒருத்தி. வாடகைக்கு எடுத்த ஆம்பிளை சைக்கிள், குறுக்குக் கம்பிக்கு மேல் பாவாடையைச் செருகிக்கொண்டு ஏறுவோம். அப்புறம் என் கையால் எத்தனையோ பேருக்கு சீட்டைப் பிடித்துக்கொண்டே ஓடிப் பழக்கியிருக்கிறேன். ஓட்டப் பழகினேன், ஓட்டவும் பழக்கினேன், ரோட்டில் வாய் விட்டுக் கத்த மட்டும் இத்தனை வருஷத்தில் பழகவே இல்லை.

இப்போது பழகுகிறேன். கொல்லையில் நின்று 'கல்லு! குழி! நெல்லு!' என்று கத்திப் பார்த்தேன், பக்கத்து வீட்டு அத்தை என்னமோ ஏதோ என்று ஓடி வந்துவிட்டார்கள். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. வாசலில் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு, செயினில் சிக்கிய வைக்கோலைக் குண்டூசியால் எடுத்துக்கொண்டிருக்கிறார்.

அந்தப் பெண்ணிடம் தினமும் பேசுகிறேன். கை தொட்டிலில் இருந்து இறங்கியதும் விட்டுப்போன மிச்சத்தை, குத்தாலத்திலிருந்து கோடியக்கரை வரை, நாங்கள் இரண்டு பேரும் மெதுவாக முடிக்கிறதாகப் பேச்சு. அறுவடை முடிந்து ரோடு காலியாக இருக்கும்போதுதான். நீ வருகிற லீவு எப்போது என்று சொன்னால் அதற்குத் தக்கபடி தள்ளி வைக்கிறேன். வரும்போது உள்ளங்கையில் மெத்தை வைத்த சைக்கிள் கையுறை இரண்டு ஜோடி வாங்கி வா, எனக்குச் சின்ன சைஸ், அவளுக்கு நடுத்தரம்.

அம்மா