நெல்லை லேப்டாப் சர்வீஸ் கடை அண்ணாச்சிமாருக்கு ஒரு திறந்த மடல்

அண்ணாச்சிமாரே, வணக்கம்.

ஜங்ஷன், வண்ணார்பேட்டை, பாளை மார்க்கெட்னு கடை வச்சிருக்க எல்லாருக்கும் சேத்துதான் எழுதுதேன், ஒருத்தரை மட்டும் குறி வச்சு இல்ல. கீபோர்டு மேல இயர்போன் கெடந்தத பாக்காம என் தங்கச்சி மவன் லேப்டாப்ப படக்குன்னு மூடிட்டான், தொறந்தா நடுவுல சிலந்தி வலை கணக்கா கீறல், வலது பக்கம் பூரா மசி கொட்டுன மாதிரி கருப்பு. ஹெச்டிஎம்ஐ வயரை டிவில சொருகிப் பாத்தேன், படம் சுத்தமா வந்துச்சு, சரி பேனல், அதான் ஸ்கிரீன் மட்டுந்தான் போயிருக்குன்னு ஒரு கடைல கொண்டு குடுத்தேன்.

"கம்பெனி ஐட்டம் வர பத்து நாளாவும், கம்பேட்டிபிள், அதான் ஒத்துப் போவுத வேற பேனல் போட்டா சாயங்காலமே வாங்கிக்கிடலாம், அளவு ஒண்ணுதான்"னாரு. நாலாயிரத்து ஐநூறு ரூவா. பில்லுல 'ஸ்கிரீன் 1'ன்னு மட்டும் எழுதியிருந்துச்சு.

வீட்டுக்கு வந்து எக்செல்ல தொறந்தாத்தான் விஷயம் தெரியுது. எனக்கு நாள் பூரா கணக்கு என்ட்ரி போடுத வேலை, முன்னாடி ஒரே பார்வைல தெரிஞ்ச வலது ஓரத்து கடைசி கட்டத்துக்கு இப்ப தள்ளித் தள்ளிப் போவேண்டியிருக்கு, எழுத்து எல்லாம் ஓரம் பிசிறடிக்கு, எந்திச்சு நின்னு பாத்தா கலரே மாறிப் போவுது. டிஸ்ப்ளே செட்டிங்ஸ்ல ரெசல்யூஷன், அதான் ஸ்கிரீன்ல எத்தன புள்ளின்னு பாத்தா 1366க்கு 768. என்னது ஃபுல் ஹெச்டி, 1920க்கு 1080! நல்லவேளை பழைய பேனலை கேட்டு வாங்கிட்டு வந்திருந்தேன் (அவரு குப்பைல போடப் பாத்தாரு), பின்னாடி ஸ்டிக்கர்ல நம்பரோட நடுவுல எஃப்ஹெச்எம்னு தெளிவா இருந்துச்சு. பிஓஇங்குத கம்பெனி செய்யுத பேனல்ல அப்படி இருந்தா ஃபுல் ஹெச்டி, டபிள்யூஹெச்எம்னு இருந்தா சாதா ஹெச்டி.

இதுல கொடும என்னன்னா ரெண்டுமே 15.6 இன்ச், ரெண்டுக்கும் 30 பின் கனெக்டர்தான், சொருகுனா படமும் வந்துரும், கஸ்டமருக்கு ஒண்ணும் வெளங்காது.

கம்பேட்டிபிள் பேனலே தப்புன்னு நான் சொல்லலவே. லேப்டாப் கம்பெனிக்காரன் என்ன பேனலா செய்யுதான், பிஓஇ, இன்னோலக்ஸ், ஏயுஓ, எல்ஜின்னு நாலஞ்சு பேருகிட்ட வாங்கித்தான் மாட்டுதான், ஒரே மாடல்லயே ஒண்ணுல ஒருத்தன் பேனல் இன்னொண்ணுல வேற ஒருத்தன் பேனல் இருக்கும். ரெசல்யூஷன், பின்னு, எந்தப் பக்கம் இருந்து பாத்தாலும் கலர் மாறாத ஐபிஎஸ்ஸா இல்ல மாறிப் போவுத டிஎன்னா, ஸ்க்ரூ போடுத காது இருக்கா இல்ல டேப்புல ஒட்டுததா, இதெல்லாம் ஒத்து வந்தா எவன் செஞ்சா என்ன, நான் சந்தோஷமா வாங்கிக்கிடுவேன். ஹெச்டிதான் கைவசம் இருக்கு, ஐநூறு கொறச்சுக்கிடுதேன்னு சொல்லியிருந்தாக்கூட யோசிச்சிருப்பேன். சொல்லாம போட்டதுதான் எரிச்சல்.

நான் கேக்கது ரொம்ப இல்ல. மூடுததுக்கு முன்னாடி பழசு புதுசு ரெண்டையும் கவுத்தி வச்சு ஸ்டிக்கரை காட்டுங்க, புது பேனல் நம்பரை பில்லுல எழுதுங்க, பழசை கையில குடுத்து விடுங்க. அப்புறம் பேட்டரி கனெக்டரை கழட்டாமலே பேனலை சொருகுத பையம்மாரை கொஞ்சம் கண்டிங்க, போர்டுல ஸ்கிரீனுக்கு வெளிச்சம் குடுக்குத பேக்லைட்டோட ஃபியூஸ் போச்சுன்னா அதுக்கும் எங்க தலைலதான் பில்லு வருது.

நாளைக்கு அந்தக் கடைக்கு மறுபடியும் போறேன், ரெண்டு நம்பரையும் துண்டுச்சீட்டுல எழுதி வச்சிருக்கேன். மாத்தித் தந்தார்னா தங்கச்சி லேப்டாப்பு கீல் ஒண்ணு உடைஞ்சு கெடக்கு, அதையும் அவருகிட்டயே குடுத்துருவேன்.

இப்படிக்கு,
பேட்டையில இருந்து ஒரு கஸ்டமர்