விரிப்பை எப்போது மாற்றுவது? மகளுக்கு ஒரு கடிதம்

சத்துவாச்சாரி, வேலூர்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் நலம். அங்கே இங்கிலாந்தில், லீட்ஸில் நீ, மாப்பிள்ளை, குட்டிப் பையன் மூவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். விரிப்பு எத்தனை வருஷம் வரும், எப்போது மாற்ற வேண்டும் என்று போனில் கேட்டாய். அரைகுறையாகப் பதில் சொன்னால், வீட்டில் கிடப்பதை எல்லாம் ஒரே நாளில் தூக்கிப் போட்டுவிடுவாய் என்று பயமாக இருந்தது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். படித்துவிட்டு மாப்பிள்ளையிடமும் காட்டு.

உன் வீட்டில் இப்போது மூன்று விரிப்பு இருக்கிறது. சோபாவுக்கு முன்னால் கிடக்கும் சாம்பல் நிறப் பெரிய கார்ப்பெட், உன் கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கும் தாத்தாவின் கம்பளம், பையன் விளையாடுகிற பவானி ஜமக்காளம். மூன்றிலும் வயதில் சின்னது அந்த சாம்பல் நிறக் கார்ப்பெட்தான். முதலில் வெளியே போக வேண்டியதும் அதுதான். தாத்தாவின் கம்பளத்துக்கு உன்னைவிட வயது அதிகம், அதை விடவே விடாதே.

ஏன் என்று சொல்கிறேன். வீடியோவில் அந்தக் கார்ப்பெட்டின் ஒரு மூலையைத் திருப்பிக் காட்டினாயே, பின்னால் முழுக்கத் துணி ஒட்டியிருந்தது. அடியில் தரையில் வெள்ளையாக மாவு போல உதிர்ந்து கிடந்தது. அது வெளியிலிருந்து வந்த தூசு இல்லை, கண்ணு. அந்த வகைக் கார்ப்பெட்டில் நூலை முடிச்சுப் போட்டு நெய்வதில்லை. ஒரு துணியில் கைத் துப்பாக்கி மாதிரி ஒரு கருவியால் நூலைக் குத்தி ஏற்றி, நூல் உருவி வராமல் இருக்கப் பின்னால் லேடெக்ஸ் என்கிற ரப்பர் பால் பசையைப் பூசி, அதன்மேல் இன்னொரு துணியை ஒட்டிவிடுவார்கள். விலையைக் குறைக்க அந்தப் பசையில் சுண்ணாம்புக்கல் தூளும் கலப்பதுண்டு. வருஷம் ஆக ஆகப் பசை காய்ந்து, பிடிப்பு விட்டு, பொடியாகிவிடும். நீ பார்த்த மாவு அந்தப் பொடிதான். ஹீட்டர் பக்கத்தில் போட்டிருக்கிறாய், அந்தச் சூட்டில் இன்னும் சீக்கிரம் காயும். நம்ம ஊர் சித்திரை வெயிலில் கல்யாண மேடைக்கு வாங்கிப் போட்ட இப்படிப்பட்ட கார்ப்பெட்டுகள் எவ்வளவு வேகமாக உதிர்ந்தன என்று நம் வாடகைக் கடையில் நான் பார்த்திருக்கிறேன்.

பசை உதிர ஆரம்பித்த கார்ப்பெட்டைத் துவைத்தும் காப்பாற்ற முடியாது, தைத்தும் காப்பாற்ற முடியாது. தண்ணீர் பட்டால் இன்னும் மோசமாகும், நாற்றமும் வரும். நல்லதாகவே வாங்கியிருந்தாலும் ஐந்திலிருந்து பத்து வருஷம், அதற்குமேல் ஒன்றிரண்டு தாங்கினால் அதிர்ஷ்டம். பையன் இப்போது தவழ்கிறான், கையில் கிடைப்பதை எல்லாம் வாயில் வைக்கிற வயது. அதனால் வருத்தப்படாமல் எடுத்துவிடு. மேலே பார்க்க நன்றாக இருக்கிறதே என்று யாருக்கும் கொடுத்துவிடாதே, அவர்கள் வீட்டிலும் அதே பொடிதான் உதிரும்.

தாத்தாவின் கம்பளத்தைத் திருப்பிப் பார். மேலே இருக்கும் பூவும் கரையும் பின்னாலும் அப்படியே தெரியும். சின்னச் சின்ன முடிச்சுகள் வரிசையாக இருக்கும். இரண்டு முனையிலும் தொங்கும் குஞ்சம் தனியாகத் தைத்தது இல்லை, நெசவில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலே நீண்டு வந்து குஞ்சமாகியிருக்கிறது. இது கையால் முடிச்சுப் போட்டு நெய்த கம்பளி. பசை கிடையாது, எனவே காய்ந்து உதிர ஒன்றும் இல்லை. வாலாஜாபேட்டையில் ஒரு காலத்தில் இப்படிக் கம்பளம் நெய்தவர்கள் இருந்தார்கள். இன்று ராணிப்பேட்டை மாவட்டத்தில் சேர்ந்துவிட்ட அந்த ஊரைச் சொன்னால் பட்டும் கைத்தறியும்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வருகிறது, கம்பளத்தை யாரும் சொல்வதில்லை. எனக்கு அது மனதுக்குக் கஷ்டமாகவே இருக்கிறது.

நன்றாக வைத்துக்கொண்டால் இப்படிக் கையால் முடிந்த கம்பளி விரிப்பு இரண்டு மூன்று தலைமுறை வரும். ரஷ்யாவில் அல்தாய் மலைப் பக்கம் ஒரு பழைய கல்லறையில் பனிக்குள் உறைந்து கிடந்த ஒரு கம்பளத்தை 1949-ல் தோண்டி எடுத்தார்கள். பாசிரிக் கம்பளம் என்று பெயர். 2,000 வருஷத்துக்கு மேல் பழையது, முடிச்சும் நிறமும் இன்னும் தெரிகிறது. மிதிக்கக் கால் இல்லை, வெயில் இல்லை, பூச்சியும் இல்லை, அதனால் இருக்கிறது. விரிப்பை அழிப்பது வருஷம் இல்லை பாப்பா. மணல், ஈரம், வெயில், பூச்சி, இந்த நாலும்தான்.

இதில் மணலைத்தான் யாரும் பொருட்படுத்துவதில்லை. செருப்போடு வரும் பொடி மணல் நூலுக்கு அடியில் போய் உட்காரும். மேலே நாம் நடக்க நடக்க, அது நூலின் அடியை அறுத்துக்கொண்டே இருக்கும். வாடகைக்குப் போன ஜமக்காளங்களில் நான் கண்டது இதுதான்: மண்டபத்துக்குள் விரித்தவை வருஷக் கணக்கில் உழைக்கும், தெருவில் பந்தலுக்கு அடியில் விரித்தவை சீக்கிரமே நடுவில் நைந்துவிடும். ஜமக்காளம் ஒரே தறியில் நெய்ததாக இருக்கும், சாயமும் ஒன்றாக இருக்கும், வித்தியாசம் மணல் மட்டும்தான். அதனால் உன் வாசலில் வெளியே ஒன்று, உள்ளே ஒன்று என்று இரண்டு மிதியடி போடு. மிதியடி தேய்ந்தால் தேயட்டும். ஒன்றிரண்டு வருஷத்தில் அதை மாற்றுவது செலவே இல்லை.

வாக்யூம் போடும்போது சுழலும் பிரஷ்ஷை நிறுத்திவிட்டுப் போடு, குஞ்சத்தின் பக்கமே கொண்டுபோகாதே, இழுத்துப் பிய்த்துவிடும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை விரிப்பை அரைவட்டம் சுற்றி, இந்த முனை அந்தப் பக்கம் வருகிற மாதிரி மாற்றிப் போடு. நடக்கும் பாதையும் ஜன்னல் வெளிச்சமும் ஒரே பக்கத்தைத் தின்னாமல் இருக்கும். அடியில் ஃபெல்ட் என்கிற, நாரை அழுத்திச் செய்த கனமான துணியைப் போட்டால் தேய்மானம் குறையும்.

ஈரத்தைப் பற்றி ஒன்று கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். வீடியோவில் தாத்தாவின் கம்பளத்தின் மூலையில் ஒரு பூந்தொட்டி இருந்தது. தயவுசெய்து இன்றைக்கே எடுத்துவிடு. அடியில் தட்டு வைத்திருக்கிறேன் என்பாய். தட்டு இருந்தாலும் அடியில் ஈரம் சேரும், காற்றுப் படாது. பாவு நூல் பருத்தி, அது உள்ளேயே மக்கிவிடும். வெளியே ஒன்றும் தெரியாது. ஒரு நாள் தூக்கும்போது வட்டமாக அந்த இடம் மட்டும் கழன்று வரும். அந்த மூலையை மெதுவாக மடக்கிப் பார். துணிபோல வளைந்தால் பிழைத்தோம். நொறுங்குகிற சத்தம் கேட்டால் இனி மடக்காமல் அப்படியே விட்டுவிட்டு எனக்குச் சொல்.

அடுத்தது பூச்சி. கம்பளியைத் தின்பது பறக்கிற அந்துப்பூச்சி இல்லை, அதன் புழு. இருட்டாக, யாரும் தொடாத இடம்தான் அதற்குப் பிடிக்கும். கட்டிலுக்கு அடியில் போய்விட்ட பாதியைத்தான் நீ முதலில் பார்க்க வேண்டும். இங்கேயாக இருந்தால் அக்னி நட்சத்திரத்தில் மொட்டை மாடியில் கொஞ்ச நேரம் குப்புறப் போட்டு, தட்டி, உதறி, வேப்பிலையும் வசம்பும் வைத்துச் சுருட்டிவிடுவோம். லீட்ஸில் அந்த வெயிலுக்கு எங்கே போவது? அதற்கு வேறு வழி இருக்கிறது. அருங்காட்சியகங்களில் செய்வதுதான்: பாலிதீன் கவரில் காற்றுப் போகாமல் சுற்றி, மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் இரண்டு வாரம் வைத்தால் புழுவும் முட்டையும் சாகும். தாத்தாவின் கம்பளம் சின்னதுதான், பெரிய ஃப்ரீசர் வைத்திருக்கும் நண்பர் வீட்டில் கேட்டுப் பார். வெளியே எடுத்ததும் கவரை உடனே பிரிக்காதே, அறைச் சூட்டுக்கு வந்த பிறகு பிரி, இல்லாவிட்டால் நீர் கோத்துக்கொள்ளும். ஒன்றிரண்டு இடத்தில் ஓட்டை விழுந்திருந்தாலும் பயப்படாதே. முடிச்சு வகையில் ஓட்டையை மறுபடி முடிந்து அடைக்கலாம், கரை பிரிந்தால் கட்டலாம். அதற்காகப் புதிது வாங்கவே வேண்டாம்.

ஜமக்காளத்துக்கு வருகிறேன். வீட்டில் வைத்துக்கொண்டால் பத்துப் பதினைந்து வருஷம் சுலபமாக வரும், இன்னும் மேலேயும் வரும். அதில் பார்க்க வேண்டியது நிறம் மங்கியதா என்பது இல்லை. குறுக்கே ஓடும் ஊடை நூல் தேய்ந்து அடியில் இருக்கும் பாவு வெள்ளையாகத் தெரிய ஆரம்பித்ததா என்று பார். அப்படித் தெரிந்தால் விரித்து உட்காரும் வேலைக்கு அது முடிந்தது. தெரு மணல் படாதவை எங்கள் கடையில் முதலில் கிழிவது நடுவில் இல்லை, மடிப்பில். எப்போதும் ஒரே இடத்தில் மடித்து அடுக்குவதால் அந்தக் கோட்டிலேயே நூல் அறும். நீ மடிக்காதே, சுருட்டி வை. மடிக்க வேண்டும் என்றால் ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் மடி. பையன் சாம்பார் கொட்டினால் முதலில் பச்சைத் தண்ணீரில் அலசி, சோப்புப் போட்டு, வெயில் படுகிற நாளாகப் பார்த்துக் காயவை. மஞ்சள் கறை வெயிலில் தானாகவே வெளுக்கும். நன்றாகக் காயாமல் அடுக்கிவிட்டால் மட்டும் பூஞ்சை பிடிக்கும், பிறகு அந்த வாசனையை எடுக்க முடியாது.

வாசனையும் ஒரு கணக்குதான். துவைத்து முழுக்கக் காய்ந்த பிறகும் ஒரு விரிப்பில் மூத்திர வாடையோ முடை நாற்றமோ இருந்தால், அது நூலுக்குள் போய்விட்டது, வைத்துக்கொள்ளாதே. ஓரம் சுருண்டு எழும்பி நின்றாலும் அப்படித்தான். சம்பந்தியம்மா வந்து தங்கும்போது கால் தடுக்கினால் என்ன ஆகும்? வயதானவர்களுக்கு ஒரு விழுதல் போதும். ஓரத்தை ஒட்டியோ கனம் வைத்தோ சரிசெய்ய முடியாவிட்டால் அன்றே எடுத்துவிடு. பாத்ரூம் மிதியடியின் ரப்பர் அடி வெடித்திருந்தாலும் வருஷம் எண்ணிக்கொண்டிருக்காதே, அது வழுக்கும்.

புதிதாகக் கம்பளி வாங்கினால் முதல் சில மாதம் பஞ்சு போல உதிரும். அதைப் பார்த்துக் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்துவிடாதே. வெட்டிய நூலின் மிச்சம் வெளியே வருகிறது, கொஞ்சம் கொஞ்சமாக நின்றுவிடும். பொடி உதிர்வதுதான் கெட்டது.

ஹாலுக்கு வேறு வாங்குவதாக இருந்தால் கடையில் மேலே தடவிப் பார்க்காதே, முதலில் திருப்பிப் பார். பின்னால் துணி ஒட்டியிருந்தால் சில வருஷப் பொருள் என்று தெரிந்தே வாங்கு. பளபளப்பாக மூங்கில் பட்டு என்று விற்கிறார்களே, அதை வேண்டாம் என்பேன். அது விஸ்கோஸ், ஈரம் பட்டால் நூல் பலம் போய்விடும், குழந்தை இருக்கிற வீட்டுக்கு ஆகாது. கையால் முடிந்ததை வாங்கினால் இன்னொன்றும் பார்க்க வேண்டும். கம்பளத் தறிகளில் சின்னப் பிள்ளைகளை உட்கார வைத்த காலம் ஒன்று இருந்தது. அதை எதிர்த்து கைலாஷ் சத்யார்த்தி முன்னின்று 1994-ல் ரக்மார்க் என்று ஒரு முத்திரை கொண்டுவந்தார், இப்போது அதற்கு குட்வீவ் என்று பெயர். அந்த முத்திரை இருக்கிறதா என்று கேட்டு வாங்கு. நம் பக்கத்தில் பீடி சுற்றும் வீடுகளில் பள்ளிக்கூடம் போக வேண்டிய பிள்ளைகள் தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை நான் கண்ணால் கண்டவன். நம் வீட்டுத் தரையில் கிடப்பது எந்தப் பிள்ளையின் கையும் நோகாமல் வந்திருக்க வேண்டும்.

என்னைக் கேட்டால், ஹாலுக்கு இப்போதைக்கு ஒன்றும் வாங்காதே. பையன் நடந்து, ஓடி, கொட்டி முடிக்கிற வரைக்கும் பெரிய ஜமக்காளம் போதும். துவைக்கலாம், காயவைக்கலாம், மனசு அடித்துக்கொள்ளாது. அவனுக்கு நாலைந்து வயது ஆனதும் ஒரு நல்ல கம்பளியாகப் பார்த்து வாங்கலாம், அதற்கு நானும் பாதி தருகிறேன்.

தெரிந்தவர் பையன் ஒருவன் அடுத்த மாதம் படிக்க அங்கே வருகிறான். அவனிடம் புது பவானி ஜமக்காளம் கொடுத்து அனுப்புகிறேன். சோபாவின் கால் முதல் டிவி ஸ்டாண்ட் வரைக்கும் அளந்து, நீளமும் அகலமும் அடிக் கணக்கில் அனுப்பு. சிவப்புக் கரையா பச்சைக் கரையா என்று மாப்பிள்ளையையும் கேட்டுச் சொல். அம்மா கொஞ்சம் வசம்பும் சேர்த்து வைக்கிறேன் என்கிறாள்.

அன்புடன்,
அப்பா