ஞாயிறு சந்திப்பு: போன், போன் சார்ஜர் இரண்டும் எடுத்து வரவும்

எல்லாருக்கும் வணக்கம். வேலை நேரத்தை மாற்றித் தரச் சொல்லி முதலாளிக்கு எழுதத்தான் இந்த ஞாயிறு சந்திப்பு. போன வாரம் நம் குழுவில் ஓர் அக்கா போட்ட குரல்பதிவைக் கேட்டிருப்பீர்கள். மாமியாரை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போக வாரம் மூன்று நாள் ஒரு மணி நேரம் தாமதமாக வரலாமா என்று காப்பி இடைவேளையில் மேலாளரிடம் கேட்டாராம், "பார்க்கலாம்" என்றதோடு சரி, ஐந்து மாதம் ஓடிவிட்டது. இதற்கிடையில் வந்த சூப்பர்வைசர் பதவியையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். எனக்கு அதுதான் வயிற்றெரிச்சல்.

அக்கா, வாயால் கேட்டால் அப்படித்தான். சிங்கப்பூரில் 2024 டிசம்பர் 1 முதல் நடப்பில் உள்ள முத்தரப்பு (அரசாங்கம், முதலாளிகள், தொழிற்சங்கம்) வழிகாட்டி நெறிமுறைகளின்படி, தகுதிகாண் காலம் முடித்த ஊழியர் நீக்குப்போக்கான வேலை ஏற்பாட்டை, அதாவது வேலை நேரம், இடம் போன்றவற்றில் மாற்றத்தை, எழுத்தில் கேட்கலாம். முதலாளி 2 மாதத்துக்குள் எழுத்திலேயே பதில் தர வேண்டும், மறுத்தால் காரணமும் சொல்ல வேண்டும். கேட்டதெல்லாம் கிடைக்கும் என்றில்லை, ஆனால் "பார்க்கலாம்" என்று இழுத்தடிக்க முடியாது.

ஞாயிறு மாலை 4 மணிக்கு நம் புளோக் கீழ்த்தளத்தில் உட்கார்ந்து அந்தக் கோரிக்கையை மின்னஞ்சலாக ஆளுக்கொன்று எழுதிவிடலாம். என்ன மாற்றம் வேண்டும், எந்த நாள்கள், எதிலிருந்து எதுவரை, ஏன், அவ்வளவுதான்.

கணவர்மாரையும் இழுத்து வாருங்கள். 2025 ஏப்ரல் 1 முதல் பிறக்கும் குழந்தைகளுக்குத் தகுதியுள்ள அப்பாக்களுக்கு 4 வாரச் சம்பள விடுப்பு உண்டு, அதை எடுக்கக் கூச்சப்படுகிறவர்கள் நம் புளோக்கிலேயே இருக்கிறார்கள். பெயர் சொல்ல மாட்டேன்.

வருகிறவர்கள் கட்டைவிரல் போடுங்கள், அதை வைத்துத்தான் வடைக்குச் சொல்லவேண்டும்.