வேலையை விட நினைக்கும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

நீ மறுபடியும் பள்ளிக்கூட வேலைக்குப் போகத் தொடங்கிய இந்த இரண்டு மாதத்தில் பேரனின் எடை ஏறவே இல்லை என்றும், வேலையை விட்டுவிடலாமா என்றும் எழுதியிருந்தாய். விடாதே. பத்து வருடம் தேயிலை மலையில் கொழுந்தெடுத்து, பிறகு பதினெட்டு வருடம் தோட்டத்துக் குழந்தைகள் காப்பகமான பிள்ளை மடுவத்தில் ஊரார் பிள்ளைகளைப் பார்த்தவள் என்ற உரிமையோடு சொல்கிறேன்.

உன்னைப் பெற்று 84 நாள் விடுமுறை முடிந்ததும் நான் மலைக்குப் போனேன். பால் கொடுக்க வருவதற்குச் சட்டத்தில் இடைவேளை இருந்தது; ஆனால் மேல்மலையில் கொழுந்தெடுக்கும் நாட்களில் மடுவத்துக்கு இறங்கி ஏறவே அந்த நேரம் போதாது, கொழுந்து நிறை குறைந்தால் அரைநாள் சம்பளமான அரைப்பேர்தான் விழும். நெஞ்சில் பால் கட்டி வலிக்க வலிக்க நான் நிரையில் நின்ற நேரத்தில், நீ புட்டியில் தேயிலைச் சாயம் குடித்தாய். அது உன் அழுகையை நிறுத்தியது, உடம்புக்கு ஒன்றும் தரவில்லை. உணவிலுள்ள இரும்புச் சத்தைச் சாயம் உடம்பில் சேரவிடாது என்பதை மடுவத்து வேலைக்கு வந்த பிறகுதான் அறிந்தேன். இன்றும் அதை நினைத்தால் மனம் பொறுக்கவில்லை.

2016ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் இலங்கை முழுவதும் நூற்றுக்கு 17 பேர், தோட்டங்களிலோ 32 பேர். தாய்மார் வேலைக்குப் போவதால்தான் இப்படி என்று சொல்கிறவர்களை நான் ஏற்பதில்லை. இங்கே பல பிள்ளைகள் பிறக்கும்போதே நிறை குறைந்தவர்கள், ஏனென்றால் அவர்களைச் சுமந்தவர்களே அரைவயிற்றோடு மலையேறியவர்கள். வேலையை விட்டு, தோட்டத்து வரிசை வீடான லயத்தில் இருந்துவிட்ட தாயின் பிள்ளை தேறியதையும் நான் அதிகம் கண்டதில்லை. சம்பளம் நின்றதும் முதலில் முட்டையும் பருப்பும்தான் அடுப்பங்கரையை விட்டுப் போயின. தாயின் சம்பளம் தாயின் கையிலேயே இருந்து, அவள் இல்லாத நேரத்தில் பொறுப்பாக ஊட்ட ஒருவர் இருந்த வீட்டில் பிள்ளை வளர்ந்தது. கணவன் சம்பளத்தை வாங்கிக்கொண்டு சாராயக்கடைப் பக்கம் போன வீடுகளின் பிள்ளைகளை எத்தனையோ முறை நிறுத்துப் பார்த்துக் கலங்கியிருக்கிறேன்.

ஆகவே நீ பார்க்க வேண்டியது, காலை ஆறரையிலிருந்து பகல் இரண்டு மணி வரை அவனுக்கு யார், எதை, எத்தனை தரம் ஊட்டுகிறார்கள் என்பதைத்தான். பக்கத்து வீட்டு அக்கா நல்லவர், ஆனால் தண்ணீராகக் கரைத்த கஞ்சியைத்தான் கொடுக்கிறார் என்று நீயே எழுதியிருக்கிறாய். அவன் வயிறு சிறியது. தண்ணீரால் நிறைந்தால் சோற்றுக்கு இடமிராது. கரண்டியிலிருந்து வழியாத பதத்தில் சோறும் பருப்பும் மசித்து, முட்டையோ பொடித்த நெத்தலியோ சேர்த்து, ஒரு கரண்டி தேங்காய் எண்ணெய் விட்டு, ஒரு நாளைக்கு மூன்று தரமாவது கொடுக்க வேண்டும். கிளினிக்கில் தரும் திரிபோஷா சத்துமா அவனுக்கு மட்டுமே போகட்டும். புறப்படுமுன் பால் கொடு, கொஞ்சம் பீய்ச்சிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட்டுப் போ, இரவிலும் மறுக்காதே. இடையில் இருமலோ வயிற்றோட்டமோ வந்ததா என்பதையும் மருத்துவமாதுவிடம் மறைக்காமல் சொல். காலைச் சாப்பாட்டை மாப்பிள்ளை ஊட்டட்டும். கேட்க உனக்குத் தயக்கமாக இருந்தால் நானே அவரிடம் பேசுகிறேன்.

சனிக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன். வளர்ச்சி அட்டையை எடுத்து வை. அந்த அக்காவையும் அன்று மத்தியானம் சாப்பிட வரச் சொல்.

அன்புடன்,
அம்மா