எண்கள் போதும், மாதிரி எதற்கு?

ஆசிரியருக்கு,

கைதிகள் அனைவரிடமும் டிஎன்ஏ மாதிரியைக் கட்டாயமாக எடுப்பதை ஆதரித்து வெளியான தலையங்கத்தைப் படித்தேன். துப்புத் துலக்க அது உதவுகிறது, சரி. ஆனால், 'கைரேகை போலத்தான் இதுவும்' என்ற வாதம் பொருந்தாது. கைரேகை ஆளைக் காட்டுவதோடு நின்றுவிடும். டிஎன்ஏ மாதிரியோ பரம்பரை நோயையும், சிறை வாசலையே மிதிக்காத உடன்பிறந்தவர்களையும் பிள்ளைகளையும்கூடக் காட்டிக்கொடுக்கும். அவர்களிடம் யார் சம்மதம் கேட்டது?

அடையாளம் காண, டிஎன்ஏவில் 20 சொச்சம் இடங்களில் ஒரு சிறு துண்டு எத்தனை முறை திரும்பத் திரும்ப வருகிறது என்ற எண்களே போதும். மாதிரி அதற்குப் பிறகு தேவையில்லை. ஆனால், நான் வேலை பார்த்த மருத்துவ ஆய்வகத்தில், முடிவு கொடுத்த மாதிரிகள்கூட யாரும் கேட்காததால் ஆண்டுக்கணக்கில் உறைபெட்டியில் கிடந்தன. சிறைத் துறை மட்டும் விதிவிலக்காக இருக்குமா என்ன? குற்றம் நிரூபிக்கப்படாதவர்களின் மாதிரிகளைக் காலவரையின்றி வைத்திருப்பது தனியுரிமை மீறல் என்று ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் 2008-லேயே தீர்ப்பளித்துவிட்டது. எனவே, எண்களைப் பதிவுசெய்த கையோடு மாதிரியை அழிக்கச் சட்டமே கெடு விதிக்க வேண்டும். நிரபராதி என விடுதலையானவரின் பதிவை, அவர் மனுவோடு அலையவிடாமல், அரசே நீக்க வேண்டும்.